பதினேழாம் பகுதி

அதிகாலை நாலரை. போஸ்னான் இறைச்சிக்கூடத்தின்
பின்வாசலில் வாளியோடு நிற்கிறேன்.
ஸிக்மூந்த் கன்றின் மண்ணீரலைத் தூக்கிக் காட்டுகிறார்,
இன்னும் ஆவி பறக்கிறது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
"இதை யார் தின்பது?" என்பார், தினமும்.
யாருமில்லை என்பேன், தினமும்.
பனிக்கட்டிக்குள் புதைத்து
முதல் டிராமில் ஏறுவேன். மடியில் வாளி.
பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்ந்ததில்லை.

வார்த்தா ஆற்றுப் பாலத்தில்
வண்டி கொஞ்சம் மெதுவாகும்.
ஸேனோன் பன்னிரண்டு வருஷம் ஓட்டிய தடம் இது.
என்னைப் பார்த்தால் மணியை இரண்டு தரம் அடிப்பார்.

அவர் ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள்
எங்கள் குடுவையில் இருக்கின்றன. எண் முப்பத்தொன்று.
நவம்பரில் அவரைப் புதைத்தார்கள்.
செல்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை.
முப்பது மணிக்கு ஒருமுறை இரண்டாகின்றன.
கிருமியை விரட்டக் கற்கவில்லை,
முதிரவில்லை, மூப்பும் இல்லை.
பெருகத் தெரியும், அவ்வளவுதான்.

மண்ணீரலை அரைக்கிறோம். உப்புநீர், எரிசாராயம்,
சுழற்றுகிற எந்திரம், பிறகு வடிகுழாய்,
சொட்டுச் சொட்டாய் நாற்பது பகுதிகள்.
இரண்டு கிலோ சதை
சிட்டிகை மாவாகச் சுருங்க மூன்று நாள்.
டாக்டர் இரெனேயுஷ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்,
அடகுக்கு வந்த கம்மலைப் பார்ப்பவர்போல.

வளர்ந்த உறுப்பு வளர்வதை ஏன் நிறுத்துகிறது?
அவருக்கு இருபது வருஷமாய் இதே கேள்வி.
எனக்குப் போன மாதம்தான் வந்தது.
பீட்ரூட் சீவும்போது கட்டைவிரல் வெட்டுப்பட்டது.
தோல் இரு கரையிலிருந்தும் கிளம்பி வந்தது,
சந்தித்தது,
நின்றது.
மேட்டின்மேல் மேடு கட்டவில்லை.
யார் சொன்னார்கள் அதற்கு?

விஷமாக இருந்தால் தெரிந்துவிடும்.
நீலச் சாயம் விட்டால்
செத்த செல் அதைக் குடித்துவிடும்,
உயிருள்ளது வாயைத் திறக்காது.

பதினேழாம் பகுதி, மூன்றாம் நாள், லென்ஸின் கீழே
நீலம் அநேகமாய் இல்லை.
எண்ணினேன். போட்ட அளவே இருந்தது.
மறுபடி எண்ணினேன்.
டாக்டரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.
பக்கத்துக் கிண்ணத்தில் வெறும் உப்புநீர் குடித்தவை
ஐந்து மடங்கு ஆகியிருந்தன.
இவையோ உயிரோடு, உருண்டையாக, பளபளத்துக்கொண்டு
ஒன்றும் செய்யாமல் இருந்தன.

"கொல்லவில்லை" என்றார் டாக்டர்.
பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலத் தாழ்ந்த குரல்.
"போதும் என்று சொல்லியிருக்கிறது."

போதும்.
வயிறு நிறைந்தவன் மட்டும் மனமாரச் சொல்கிற சொல்.
அதை ஒரு கன்றின் மண்ணீரல், கன்று செத்த பிறகு,
ஒரு டிராம் ஓட்டியின் ரத்தத்திடம், அவர் செத்த பிறகு,
சொல்ல, ரத்தம் கேட்டுக்கொண்டது.

ஸேனோனின் மனைவிக்கு எழுதலாமா என்று
தாளை எடுத்து வைத்தேன்.
என்னவென்று எழுதுவது?
உங்கள் கணவர் இங்கே மூன்று நாள் சும்மா இருந்தார் என்றா?

நான்காம் நாள் திரவத்தை வடித்துப் புதிது ஊற்றினோம்.
ஆறாம் நாள் அவை இரட்டிப்பாயின,
விடுமுறை முடிந்த பள்ளிக்கூடம்போல.
அடுத்த கன்றின் பதினேழாம் பகுதி வாயே திறக்கவில்லை.
அதற்கடுத்தது பாதி சொன்னது.
நோட்டில் மூன்றையும் எழுதினேன்,
முதலாவதற்குக் கீழே கோடு போடாமல்.
போட ஆசைதான்.

மறுபடி நாலரை. ஸிக்மூந்த் இரண்டு மண்ணீரலைப் போட்டுவிட்டு
கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே கேட்கிறார்:
"போதுமா?"

வாளிக்குள் பார்க்கிறேன்.
"போதாது" என்கிறேன். "நாளைக்கும் வேண்டும்."
இன்று, யார் தின்பது என்று அவர் கேட்கவில்லை.